முற்பணத்தை அடைக்காமல் கிராமத்துச் சங்கம் நிமிராது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை மாவட்டத்தில் உள்ளூர்ப் பொருளாதாரம், மாற்றுப் பொருளாதாரம் என்று பேச்சு எழும்போதெல்லாம் அது தையல் மெசினிலும் ஆட்டுக்குட்டியிலும் கோழிக்கூட்டிலும் போய் முடிகிறது. இந்த மாவட்டத்தில் உற்பத்திக்கு என்றைக்குக் குறைவு இருந்தது? குச்சவெளிக் கரையில் மீன் வருகிறது. தம்பலகாமத்திலும் கிளிவெட்டியிலும் நெல் விளைகிறது. நிலாவெளிப் பக்கம் சின்ன வெங்காயம், மூதூரிலும் கிண்ணியாவிலும் சட்டித் தயிர். ஆனால் விளைவித்தவர் தன் பொருளை யாருக்கு, என்ன விலைக்குக் கொடுப்பது என்று தானே தீர்மானிக்க முடியாமல் இருக்கிறார். பொருள் வீட்டுக்கு வருமுன்பே முற்பணத்துக்கு அடகு போய்விடுகிறது. அந்தக் கட்டை அவிழ்க்காமல் எத்தனை தையல் மெசின் கொடுத்தாலும் ஊரில் காசு தங்காது. இதைக் கணக்கோடு எழுத விரும்புகிறோம்.

முதலில் கடற்கரைக் கணக்கு. ஒரு வள்ளக்காரர் மீன் வாங்குகிற முதலாளியிடம் ஒரு இலட்சம் ரூபா முற்பணம் வாங்குகிறார். வட்டி இல்லை. ஆனால் பிடிக்கிற மீன் முழுவதையும் அவருக்கே கொடுக்க வேண்டும், கிலோவுக்கு 50 ரூபா குறைத்து. நாளொன்றுக்கு 20 கிலோ, மாதத்தில் 20 நாள் தொழில் என்று பிடித்தால் 400 கிலோ. கிலோவுக்கு 50 ரூபா என்றால் மாதம் 20,000 ரூபா. அதாவது வட்டியில்லாக் கடன் என்று சொல்லப்படுவதற்கு மாதம் 20 வீதம் கட்டப்படுகிறது. கடல் திறந்திருக்கும் ஏழு மாதத்தில் 140,000 ரூபா போன பிறகும் முற்பணம் அதே ஒரு இலட்சமாக நிற்கும், ஏனென்றால் அந்த 50 ரூபா எந்தக் கொப்பியிலும் கடன் அடைத்ததாக எழுதப்படுவதில்லை. மண்ணெண்ணெய் 2022 ஆவணியில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனபோது, 20 லீற்றர் எடுக்கிற ஒரு பயணத்தின் எரிபொருள் செலவு 1,740 ரூபாவிலிருந்து 6,800 ரூபாவானது. முற்பணங்கள் பெருத்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

வயல் பக்கம் கதை வேறு, முடிவு ஒன்று. விதைப்புக்கு உரமும் மருந்தும் கடனாக எடுத்தவர், வெட்டு மெசின் வயலை விட்டு இறங்கிய அன்றே ஈர நெல்லைக் கொடுத்துவிட வேண்டியவராக இருக்கிறார். வியாபாரி ஈரத்துக்காக மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு என்று ஒரு எண்ணைச் சொல்வார். அந்த எண் சரியா என்று பார்க்க ஒரு சின்ன வாய்ப்பாடு போதும்: ஈரநெல்லின் எடையை, நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து வரும் எண்ணால் பெருக்கி 86 ஆல் வகுக்க வேண்டும். வருவது, காய்ந்த நெல்லுக்குரிய 14 வீத ஈரப்பதத்தில் நிற்கும் எடை. 18 வீத ஈரத்தில் 70 கிலோ மூட்டை ஒன்று 66.7 கிலோவாக இறங்கும். நியாயமான கழிவு மூன்றே கால் கிலோ. 20 வீத ஈரத்தில் நூறு கிலோவுக்கு ஏழு கிலோ. இதற்கு மேல் வெட்டப்படுகிற ஒவ்வொரு கிலோவும் விவசாயியின் கையிலிருந்து போவது. கமக்காரர் அமைப்பு ஒவ்வொன்றிடமும் ஈரப்பதமானி ஒன்றும் முத்திரை குத்திய தராசு ஒன்றும் இருந்தால் இந்தப் பேச்சு களத்துமேட்டிலேயே தீர்ந்துவிடும்.

மூன்றாவது கட்டு நுண்கடன். வீடு தேடி வருகிற நுண்கடன் கம்பனிக்காரர்கள் “வருசத்துக்கு 20 வீதம்தான்” என்று சொல்வது தட்டை வட்டி, அதாவது எடுத்த முழுத்தொகைக்கும் கடைசிவரை போடுகிற வட்டி. 50,000 ரூபா எடுத்து மாதம் 5,000 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினால் மொத்தம் 60,000. ஆனால் முதல் மாதத்திலேயே கடன் முதலின் ஒரு பகுதி திரும்பிப் போய்விடுகிறது. ஆண்டு முழுவதும் 50,000 கையில் இருப்பதில்லை. குறையும் மிகுதிக்குக் கணக்குப் பார்த்தால் அது மாதம் 2.9 வீதம், ஆண்டுக்கு 35 வீதம். மத்திய வங்கி 2018இல் நுண்கடனுக்குப் போட்ட உச்சவரம்பே ஆண்டுக்கு 35 வீதம். இதே 50,000 ரூபாவை ஒரு சேமிப்புக் குழு குறையும் மிகுதிக்கு மாதம் 1 வீதத்தில் கொடுத்தால், முதலைச் சமமாகப் பன்னிரண்டு தவணையில் கட்டினால், வட்டி மொத்தம் 3,250 ரூபா. அதுவும் குழுவுக்குள்ளேயே நிற்கும்.

ஆகவே தொடக்கம் சேமிப்பில்தான். இதில் சுருக்குவழி கிடையாது. வெளியாருடைய காசில் தொடங்கிய சுழற்சி நிதியை (கடனாகக் கொடுத்து, திரும்பி வர மறுபடி கொடுக்கும் நிதியை) திருப்பிக் கட்ட ஆட்கள் தயங்குவார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் இருநூறு ரூபா என்று தெரிந்தால் தயக்கம் வராது.

ஒரு சேமிப்புக் குழுவுக்கு இருபது முதல் இருபத்தைந்து பேர் போதும். முப்பதைத் தாண்டினால் கூட்டம் இரண்டு மணித்தியாலத்துக்கு இழுக்கும்; இழுத்தால் ஆட்கள் பிள்ளைகளிடம் காசைக் கொடுத்தனுப்பத் தொடங்குவார்கள்; கொடுத்தனுப்பத் தொடங்கினால் குழு ஆறு மாதம் தாங்காது. ஒரே வீட்டில் இருவர் சேரக்கூடாது. நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கிறவர்களே சேர வேண்டும். கிழமைச் சேமிப்பு 200 ரூபா என்றால் அது ஏழைக் குடும்பத்தால் இயன்ற தொகையாக இருக்க வேண்டும், வசதியான இருவர் விரும்பிய தொகையாக அல்ல. முடியாதவர் மூன்று பேர் இருந்தால் 100 ரூபாவாக இறக்குவதே நல்லது.

கூட்டம் இப்படி நடக்க வேண்டும். பாய் விரித்து எல்லோரும் வட்டமாக இருப்பது. நடுவில் மூன்று பூட்டுப் போட்ட தகரப் பெட்டி. திறப்புகள் மூன்று ஒழுங்கையைச் சேர்ந்த மூன்று பேரிடம், பெட்டி நாலாவது ஆளின் வீட்டில். திறந்ததும் முதல் வேலை, போன கிழமை பெட்டியில் வைத்த தொகை எவ்வளவு என்று எல்லோரும் வாய்விட்டுச் சொல்வது. எழுத வாசிக்கத் தெரியாத ஆச்சிக்கும் அந்த எண் நினைவிருக்கும். கொப்பியைத் திருத்தினாலும் அவரது நினைவைத் திருத்த முடியாது. பிறகு காசை எண்ணி அந்த எண்ணோடு சரிபார்ப்பது. அதன் பின்தான் இன்றைய சேமிப்பு. பெயரைக் கூப்பிட, காசைப் பாயில் வைக்க, ஒருவர் எண்ண, இன்னொருவர் திரும்ப எண்ண, சி.ஆர். என்கிற பெரிய கணக்குக் கொப்பியிலும் அவரவர் பாஸ் புத்தகத்திலும் ஒரே நேரத்தில் எழுதுவது. கொப்பியில் ஆறு நிரல் வேண்டும்: பெயர், இன்றைய சேமிப்பு, மொத்தச் சேமிப்பு, கட்டிய முதல், கட்டிய வட்டி, கடன் மிகுதி. “வேறு” என்று ஏழாவது நிரல் போடாதீர்கள். களவு எப்போதும் அந்த நிரலில்தான் குடியிருக்கும்.

பெட்டியில் பத்தாயிரத்துக்கு மேல் சேர்ந்தால் மறுநாளே வங்கிக்கு. கணக்கு மூன்று பேர் பெயரில், இருவர் கையெழுத்தில். அந்த இருவர் உறவினராக இருக்கக் கூடாது. குழுக்கள் உடைவதில் முக்கால்வாசி பொருளாளர் கெட்டவர் என்பதால் நடப்பதில்லை. பொருளாளரின் வீட்டில் ஒரு சின்னக் கடை இருக்கும். சரக்கு லொறி வாசலில் நிற்கும். குழுக் காசு அலுமாரியில் இருக்கும். இரண்டு நாளுக்கென்று எடுத்தது இரண்டு மாதமாகும். ஆகவே காசு ஓர் ஆளின் கையில் ஓர் இரவுக்கு மேல் இருக்கும்படி ஒழுங்கு செய்வதே பிழை. நம்பிக்கை அவநம்பிக்கை என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. இன்னொரு பிழை, நிர்வாகிகள் முதல் கடனைத் தாங்களே எடுத்துக்கொள்வது. முதல் ஆறு மாதத்தில் நிர்வாகிக்குக் கடன் கிடையாது என்று தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். ஒருவரின் சேமிப்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் கடன் கொடுப்பதும் ஆபத்து. முதலாளியின் முற்பணத்தை அடைத்து வள்ளம் மீட்கிற கடன் ஒன்றுதான் விலக்கு. அதற்கு ஈடு வேறு விதமானது, அதைக் கீழே எழுதுகிறோம்.

எப்போது தொடங்குவது என்பதும் முக்கியம். மீனவக் கிராமத்தில் சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த கிழமை தொடங்குங்கள். இருபத்தைந்து பேர், கிழமைக்கு 200 ரூபா, ஐப்பசி முடிய முப்பது கிழமை: 150,000 ரூபா. கார்த்திகையிலிருந்து மாசி வரை வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும், வள்ளம் கரையில் கிடக்கும். அந்தப் பதினேழு கிழமைக்கும் சேமிப்பை 50 ரூபாவாக இறக்க வேண்டும். இறக்காத குழுவில் மார்கழிக்குள் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிடுவார்கள். கட்ட முடியாத வெட்கம்தான் காரணம். இறக்கினால் 21,250 ரூபா சேரும். ஆக பங்குனி பிறக்கையில் 171,250.

இந்தக் காசை வைத்து உடனே ஏதாவது இயந்திரம் வாங்க வேண்டும் என்று சிலருக்குக் கை துறுதுறுக்கும். வேண்டாம். முதல் மாரியில் அந்த நிதிக்கு ஒரே வேலை, புதிய முற்பணம் வாங்கவிடாமல் தடுப்பது. முதலாளியின் கொப்பியில் முற்பணம் பெருப்பது கார்த்திகைக்கும் தைக்கும் இடையில்தான்: அரிசிக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கொப்பிக்கு, வலை பொத்த. வீட்டுக்கு 5,000 ரூபா வீதம் இருபது வீட்டுக்குக் கொடுத்தால் ஒரு இலட்சம். தொகை சிறிதுதான். ஆனால் ஒரு மாரியை முதலாளியிடம் போகாமல் கடந்த குடும்பத்துக்கு அடுத்த மாரியைப் பற்றிய பயம் பாதி போய்விடும். அந்தக் கடன் பங்குனியிலும் சித்திரையிலும் மீன் படத் தொடங்கியதும் திரும்பி வரும். முதல் வள்ளத்தை மீட்பது அதற்குப் பிறகுதான்.

வள்ளம் மீட்கிற வேலையில்தான் அதிகம் பிழைக்கிறார்கள், அதனால் இதை விரிவாகவே எழுதுகிறோம். எல்லோருக்கும் பத்துப் பத்தாயிரம் பிரித்துக் கொடுத்தால் ஒருவரும் விடுபட மாட்டார்கள். ஒரு வள்ளத்தை முழுதாக மீட்க வேண்டும். எந்த வள்ளம் முதலில்? முற்பணம் மிகச் சிறியதாக இருக்கிற வள்ளம். மிகக் கஷ்டப்படுகிற குடும்பத்தை முதலில் எடுக்கத்தான் மனம் சொல்லும். ஆனால் முதலாவது தவறினால் இரண்டாவது இல்லை. காசைக் கிராமிய கடற்றொழில் அமைப்பின் நிர்வாகி ஒருவர் முன்னிலையில் கொடுத்து, முற்பணம் முழுவதும் தீர்ந்தது என்று கையெழுத்து வைத்த துண்டு வாங்க வேண்டும். எஞ்சின் பத்திரம், வள்ளப் பதிவுப் புத்தகம் போன்றவை ஈடாக இருந்தால் அவற்றையும் அன்றே திரும்ப வாங்க வேண்டும். “நாளைக்குத் தாறன்” என்பதற்குச் சம்மதிக்காதீர்கள். அந்தப் பத்திரங்கள் கடன் அடையும் வரை குழுவின் பெட்டியில் இருக்கும். ஈடு என்று சொன்னது இதைத்தான்.

விடுபட்ட வள்ளம் இனிச் சந்தை விலைக்கு விற்கும். கிலோவுக்குக் கூடுதலாகக் கிடைக்கிற 50 ரூபாவில் 40 ரூபாவைக் குழு பிடித்துக்கொள்ள, 10 ரூபா வீட்டுக்குப் போகும். 400 கிலோவுக்கு மாதம் 16,000. ஒரு இலட்சம், வட்டியோடு சேர்த்தாலும், ஏழு மாதத்துக்குள் அடையும். அந்தப் 10 ரூபாவைக் கொடுக்காமல் 50 ரூபாவையும் பிடித்தால் கடன் கெதியாக அடையும் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் விடுபட்டதால் வீட்டுக்கு என்ன வந்தது என்று மனைவி கேட்பார், பதில் இருக்காது. இந்த வரவோடு புதுச் சேமிப்பும் சேர, ஏட்டுக் கணக்கில் ஒரு பருவத்தில் மூன்று வள்ளம் மீட்கலாம். நடைமுறையில் இரண்டு. ஓர் எஞ்சின் பழுதாகும், ஒரு வீட்டில் மரணம் நடக்கும், அதற்கு இடம் வைக்க வேண்டும்.

ஆவணிக்குப் பிறகு வள்ளம் மீட்காதீர்கள். இரண்டு மாதத்தில் கடல் மூடும், கடன் அடையாமல் நிற்கும், கார்த்திகையில் அவர் மறுபடி முதலாளி வாசலில் நிற்பார், இம்முறை இரண்டு கடனோடு.

முதலாளியைப் பகைப்பதால் ஒரு பயனும் இல்லை. அவர் செய்கிற வேலைகளை எண்ணிப் பாருங்கள்: ஐஸ் கொடுக்கிறார், மீன் மலிந்த நாளிலும் மறுக்காமல் எடுக்கிறார், இரவு பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வாகனமும் காசும் தருகிறார், பத்திரம் கேட்பதில்லை. இவற்றில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாத சங்கம் விலையை மட்டும் கூட்டித் தருகிறேன் என்றால் ஆட்கள் ஒரு மாதம் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். ஆகவே அவசரத்துக்கென்று எப்போதும் 10,000 ரூபா பெட்டியில் தனிப் பையில் இருக்க வேண்டும். கூட்டம் கூடாமலே திறப்புக்காரர் மூவரும் சேர்ந்து கொடுக்கலாம், அடுத்த கிழமை கணக்குச் சொல்ல வேண்டும். ஐஸ் கிலோவுக்குக் கிலோ வேண்டும்: 20 கிலோ மீனுக்கு 20 கிலோ ஐஸ், வெயிலில் அதற்குக் குறைந்தால் மத்தியானத்துக்குள் மீனின் கண் குழிவிழும். ரெஜிபோம் பெட்டிக்கு அடியில் ஒரு துவாரமிட்டு உருகிய தண்ணீரை வடியவிட வேண்டும். தண்ணீரில் ஊறுகிற மீன் ஐஸ் இருந்தாலும் இளகிவிடும்.

ஐந்து வள்ளத்தின் நூறு கிலோவைக் கொழும்புப் பக்கத்துப் பேலியகொடை மொத்த மீன் சந்தைக்கு அனுப்ப நினைக்காதீர்கள். லொறிக் கூலியே தின்றுவிடும். பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் ஒருவர் 40, 50 கிலோ கொண்டு போவார். இரண்டு பேர் போதும். ஒருவர் தம்பலகாமம், முள்ளிப்பொத்தானைப் பக்கம், ஒருவர் கந்தளாய்ப் பக்கம். அவர்களுக்குச் சம்பளம் பேசாமல் கிலோவுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். அன்றாடக் காசு அன்றே கொப்பிக்கு வர வேண்டும். கடனுக்கு மீன் விற்கவே கூடாது. ஊர் ஊராகச் சங்கக் கடைகளை விழுத்தியது கடன் கொப்பிதான்.

மீன் மலிகிற நாளுக்குக் கருவாடு. நெத்தலி, சூடை மூன்றரை நாலு கிலோவுக்கு ஒரு கிலோ கருவாடு தேறும். ஆகவே பச்சை மீனின் விலை கருவாட்டு விலையின் நாலிலொன்றுக்குக் கீழே விழுகிற நாளில்தான் உலர்த்துவதில் இலாபம். விலை பார்க்காமல் உலர்த்துவது வீண் வேலை. மணலில் பரப்பாதீர்கள்: மண் ஏறிய நெத்தலிக்குப் பாதி விலை. இடுப்பளவு உயரத்தில் கம்பு நட்டு நைலோன் வலை கட்டிய பரண், அகலம் ஒரு மீற்றருக்குச் சற்று மேல், இரு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும். காற்று கீழிருந்தும் புகும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் ஒன்றரை நாளில் காயும். சதுர மீற்றருக்கு நாலைந்து கிலோ, ஒரே அடுக்கு. மாலையில் படங்கால் மூட வேண்டும். ஒரு பனி விழுந்தால் மறுநாள் ஈ முட்டையிடும். சூரை, பாரை போன்ற பெரிய மீனைக் கீறி மூன்று நாலு கிலோவுக்கு ஒரு கிலோ உப்புப் போட வேண்டும். புதிதாய் வாரிய உப்பு கசக்கும், காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும். ஆறு மாதம் குவித்துக் கசிவு வடிந்த உப்பே நல்லது. சாக்கைத் திறந்ததும் கருவாட்டில் இளஞ்சிவப்பு படிந்திருந்தால் அது உப்பிலிருந்து வந்த கிருமி. அந்தச் சாக்கை மற்றச் சாக்குகளுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது, அந்தப் பரணையும் கழுவி வெயிலில் விட வேண்டும்.

இனிச் சொல்லப்போவதுதான் எங்களுக்கு இதில் மிகவும் பெறுமதியாகத் தெரிவது. இந்த மாவட்டத்தின் கடலும் வயலும் ஒன்றையொன்று தாங்கக்கூடிய பஞ்சாங்கத்தில் இயங்குகின்றன. பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில். அது மீனவர் வீட்டில் அரிசிப் பானை காலியாகும் நேரம். மீன் நிறையப் படுவது ஆனி, ஆடி, ஆவணியில். அது வயல்காரருக்குக் கையில் காசு முடிகிற நேரம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் கிழமைக்குப் பத்துக் கிலோ அரிசி என்று பிடித்தால் இருபத்தைந்து வீட்டுக்கு ஆண்டுக்கு 13,000 கிலோ. நூறு கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி என்றால் 20,000 கிலோ நெல். ஏக்கருக்கு 1,800 கிலோ விளைந்தால் பதினொரு பன்னிரண்டு ஏக்கரின் ஒரு போக விளைச்சல். ஒரு கடற்கரைக் குழுவின் ஆண்டுச் சோற்றை நாலைந்து கமக்காரர் கொடுத்துவிடலாம்! இவ்வளவு கிட்ட இருக்கிற இரண்டு கிராமங்களுக்கு நடுவில் அந்த நெல் பொலன்னறுவை ஆலைக்குப் போய் பையில் அடைபட்டுத் திரும்பி வருகிறது.

செய்யும் முறை: மாசியில் வயல் குழு நெல்லைக் காயவைத்து, அவித்து, குத்தி அரிசியாகக் கொடுக்கிறது. கடற்கரைக் குழு பாதியைக் காசாகவும் மீதியை ஆனி முதல் மீனாகவும், கார்த்திகையில் கருவாடாகவும் தீர்க்கிறது. ஆனால் பண்டமாற்றாக எழுதாதீர்கள். “இத்தனை கிலோ அரிசிக்கு இத்தனை கிலோ மீன்” என்று பேசினால் விலை மாறுகிற முதல் மாதத்திலேயே மனம் கசக்கும். இரண்டு பக்கமும் ரூபாவில் எழுத வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு விலை பேசி, மாத முடிவில் மிகுதியைத் தீர்த்து, எந்தப் பக்கத்தின் கடனும் 50,000 ரூபாவைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். தராசு ஒன்றே இருக்க வேண்டும்.

நெல் அவிப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று. அவித்த நெல்லை ஒரே வெயிலில் ஓட்டமாகக் காயவைத்தால் மணி வெடித்துக் குறுணல் விழும், நூறுக்கு 65 என்ற கணக்குப் பிழைக்கும். பாதி காய்ந்ததும் குவித்து நிழலில் சில மணித்தியாலம் மூடிவைத்து, பிறகு மீண்டும் பரப்ப வேண்டும். தார் ரோட்டில் பரப்புவதை விட்டுப் படங்கில் பரப்புங்கள். கல் அகப்பட்ட அரிசியை இரண்டாம் முறை ஒருவரும் வாங்குவதில்லை, அது எந்த ஊர் அரிசி என்றும் மறப்பதில்லை.

இந்த ஒழுங்கில் தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும், கந்தளாய், சேருவில பக்கம் போனால் சிங்களக் கிராமமும் ஒரே கணக்குக்குள் வரும். அது நடக்கக்கூடியதே, சந்தையில் அன்றாடம் நடப்பதுதான். ஒழுங்காக நடக்கச் சில விதிகள் வேண்டும். வெள்ளிக்கிழமை கூட்டம் வேண்டாம். நோன்பு மாதத்திலும் கோயில் திருவிழாக் காலத்திலும் விலைப்பேச்சை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். கொப்பி இரண்டு பிரதி, ஊருக்கொன்று. கணக்கெழுதுபவர் ஓர் ஊரிலிருந்து, பரிசோதிப்பவர் மற்ற ஊரிலிருந்து. துண்டு எழுதும்போது இரண்டு பக்கத்துக்கும் விளங்குகிற மொழியில் எழுத வேண்டும். பிணக்கு வந்தால் மூன்று நாளுக்குள் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற ஓரிடத்தில் கூட வேண்டும். கிழமைக் கணக்கில் விட்டால் மீனின் பிணக்கு ஊரின் பிணக்காகும்.

பதிவுக்கு அவசரப்படாதீர்கள். இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911இல் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பங்கீட்டுப் பொருள் கொடுக்கச் சங்கக் கடைகள் ஊர் ஊராய்ப் பெருகின. 1970களின் தொடக்கத்தில் சிறு சங்கங்களை இணைத்துப் பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் ஆக்கப்பட்டபோது, அங்கத்தவருக்குத் தன் பொருளாளரின் முகம் தெரியாமல் போனது. நிர்வாகம் அரசியலின் கைக்குப் போனது. முகம் தெரிகிற அளவில் முதலில் ஓர் ஆண்டு கொப்பி ஓடட்டும். அதுவரை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கீழ் இயங்கலாம். பிறகு இரண்டு மூன்று குழு சேர்ந்து கிழக்கு மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தில் பதியலாம். அப்போது ஓர் ஆண்டுக் கொப்பி கையில் இருந்தால் உத்தியோகத்தரும் மதித்துப் பேசுவார். பதிவின் பெரிய பயன் ஆண்டுக் கணக்காய்வு. அதை ஒரு தொல்லையாக நினைக்காமல் கேட்டு வாங்க வேண்டும். இலாபத்தில் நாலிலொரு பங்கை ஒதுக்கத்தில் போட்ட பிறகே பங்கு பிரிக்க வேண்டும்.

நிறுவனங்கள் உதவி செய்ய வந்தால் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. சுனாமிக்குப் பின்னும் யுத்தத்துக்குப் பின்னும் இந்த மாவட்டத்தில் ஐஸ் அறையும் அரைக்கிற மெசினும் கட்டிக் கொடுக்கப்பட்ட இடங்கள் பல, திட்டம் முடிந்த மறு ஆண்டே பூட்டிக் கிடந்தன. மின்கட்டணம் யார் கட்டுவது, பழுதானால் உதிரிப்பாகம் எங்கே, நாளொன்றுக்கு எத்தனை மூட்டை வந்தால் செலவு தாங்கும் என்ற மூன்று கேள்விக்கும் எண்ணோடு பதில் இல்லாமல் எந்த மெசினும் ஏற்காதீர்கள். உதவி செய்ய விரும்புகிறவர்களிடம் ஈரப்பதமானியும் நல்ல தராசும் ஐஸ் பெட்டியும் கேளுங்கள். கணக்குப் பழக்குவதற்கு ஓர் ஆளை ஓர் ஆண்டுக்குக் கேளுங்கள். சுழற்சி நிதி கேட்காதீர்கள்.

இறுதியாகத் தங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். மேலே எழுதிய கடற்கரைக் கணக்கு முழுவதும் அந்த 50 ரூபா வித்தியாசத்தில் நிற்கிறது. சந்தை விலை தெரியாதவருக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படாது. கிழமைக்கு இரண்டு முறையாவது, ஒரே பக்கத்தில் ஒரே இடத்தில், பேலியகொடை மொத்த விலையையும் திருகோணமலைச் சந்தை விலையையும் சூடை, நெத்தலி, சூரை, பாரை, விளைமீன் ஆகிய ஐந்துக்கும் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். அறுவடை மாதங்களில் 14 வீத ஈரப்பதத்தில் நெல் விலையையும், தம்புள்ளை மொத்தச் சந்தையில் சின்ன வெங்காய விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கிற பத்திரிகை என்பதால் எழுத்துப் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சிறு சேமிப்புக் குழுக்களுக்குக் கணக்கு எழுதப் பழக்குவோர் சிலர்,
திருகோணமலை.